வண்ணம் பூசிய கருமரச் சாமான்கள்: மெருகு மீட்பு

ஈட்டி, தேக்கு போன்ற மரங்களில் செய்த பழைய அலமாரிகளுக்கும் நாற்காலிகளுக்கும் பிற்காலத்தில் எனாமல் பெயின்ட் அடித்திருந்தால், அதை நீக்குவது மரத்தைச் சுரண்டும் வேலையன்று, அடுக்குகளைப் பிரிக்கும் வேலை. (செய்தபோதே வண்ணம் தீட்டிய சாமானில் அந்த வண்ணமே மெருகு, அதைத் தொடாமல் விடுவதே முறை.) பல பழைய சாமான்களின் முதல் பூச்சு, அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்த்த பிரெஞ்சு பாலிஷ். அது நுண்துளைகளை அடைத்திருப்பதால் பெயின்ட் மரத்துக்குள் அதிகம் இறங்குவதில்லை. பெயின்ட் படாத உட்புறத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால் அரக்கு பிசுபிசுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

காஸ்டிக் சோடாவில் முக்கினால் வேலை சுருக்க முடியும் என்பார்கள். முடியும்தான், ஆனால் காரம் டானின் மிகுந்த மரத்தைக் கறுக்க வைக்கும், வச்சிரப் பசை இணைப்புகளை இளக்கும். உப்புத்தாளோ காலம் ஏற்றிய நிறத்தையே தேய்த்துவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசும் நஞ்சு. இந்தியாவில் வீட்டு பெயின்டுக்கான 90 பிபிஎம் ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கூழ்வடிவ பெயின்ட் நீக்கியைத் தடவி, இளகியதை மழுங்கிய தகட்டால் ஈரமாகவே வழித்தெடுப்பது நல்லது. பெயின்ட் நீங்கியபின் பூசும் புதுப்பூச்சைப் பொறுத்தவரை, அரக்கைவிடப் பாலியூரித்தேன் உறுதியானது என்ற வாதம் சரியே. சூடான டம்ளர் அரக்கில் வெண்வளையம் பதிக்கும். சாப்பாட்டு மேசைக்குப் பாலியூரித்தேனை ஏற்கலாம். மற்றவற்றுக்கு அரக்கே மேல்: புதுப்பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றிவிடுவதால், கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.