ஃபியூமே ஓ மோர்ட்டே!

‘ஃபியூமே, இல்லையேல் மரணம்!’ என்று பொருள்படும் தலைப்புடைய இப்படம், குரோவேஷிய இயக்குநர் இகோர் பெசினோவிச் 2025இல் வெளியிட்ட ஆவணப்படம். அவ்வாண்டு ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது.

படம் சொல்லும் வரலாறு: 1919 செப்டம்பர் 12 அன்று இத்தாலியக் கவிஞர் கேப்ரியேலே தனுன்சியோ, தேசியவெறி கொண்ட படைவீரர்களுடன் ஃபியூமே துறைமுக நகருக்குள் (இன்றைய குரோவேஷியாவின் ரியேகா) புகுந்தார். ஏறத்தாழ 16 மாதங்கள் நீடித்த ஆக்கிரமிப்பை, 1920 டிசம்பரில் இத்தாலிய அரசுப் படையே தாக்கி முடித்துவைத்தது. மாடத்தில் நின்று கூட்டத்தை முழங்கவைக்கும் அவரது பாணியை முசோலினி பின்னர் கைக்கொண்டார்.

ஆக்கம்: நடித்தவர்கள் ஊர்க்காரர்களே. தனுன்சியோவைத் தெரியுமா என்று தெருவில் போவோர் வருவோரிடம் இயக்குநர் விசாரிக்கிறார். வழுக்கைத் தலையர் பலர் மாறி மாறித் தனுன்சியோவாக வேடமிடுகிறார்கள். பழைய ஒளிப்படக் காட்சிகளை, கார்கள் ஓடும் இன்றைய தெருக்களிலேயே சீருடையணிந்து நிகழ்த்திக் காட்டுகிறார்கள்.

ஒப்பீடு: தெலங்கானா ஆயுதப் போராட்டத்தைச் சொன்ன கௌதம் கோஷின் தெலுங்குக் கதைப்படமான ‘மா பூமி’யிலும் கிராமத்து மக்கள் நடித்தனர்.

மதிப்பீடு: ஆக்கிரமித்தவரின் ஆடம்பரத்தைச் சிரிப்பால் உடைத்து, வரலாற்றை ஊர்மக்கள் கையில் திருப்பித் தந்ததே இப்படத்தின் தனிச்சிறப்பு.