வீடியோ ரிலே சைகைமொழிபெயர்ப்பு

காதுகேளாதோர் வீடியோவில் சைகையால் சொல்வதைத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்குப் பேச்சாகவும், அவர் பேச்சைச் சைகையாகவும் உடனுக்குடன் மாற்றித்தரும் தொழில்முறைப் பணி. ஒரே அறையில் இருக்கும் இருவருக்குத் தொலைவிலிருந்து மொழிபெயர்ப்பது வேறு வகை.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ரிலே சேவைக்கு அடித்தளமிட்டது. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2000இல் வீடியோ ரிலேயையும் அதில் சேர்த்தது. சேவை 24 மணி நேரமும் இயங்கவேண்டும். செலவை ரிலே நிதியம் ஏற்கிறது.

மொழிபெயர்ப்பாளர் ஹெட்செட் அணிந்து, கையசைவு தெளிவாகத் தெரியும் ஒற்றை நிற உடையில் கேமராமுன் அமர்வார். அழைப்பவர் தன் வயிற்றுவலியைச் சைகையில் சொன்னால், “எனக்கு வயிறு வலிக்கிறது” என்றே குரல் கொடுப்பார், “அவருக்கு” என்பதில்லை.

அமெரிக்க விதிப்படி, அழைப்பை ஏற்ற மொழிபெயர்ப்பாளர் பொதுவாகக் குறைந்தது 10 நிமிடம் அதிலேயே நீடிக்கவேண்டும். அவர் உரையாடலை வெளியிடுவதையோ பதிவாக வைத்திருப்பதையோ அவ்விதி தடைசெய்கிறது.