பட்டம் வேண்டாம், செயலைச் சொல்லுங்கள்

பரங்கிமலையில் மின்ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்க அரை மணி நேரம்கூட ஆவதில்லை. அதற்குள் அறிவியல் வரலாற்றின் மூன்று களங்களைக் கடந்துவிடுகிறோம். வில்லியம் லாம்டன் 1802-ல் தன் பெரும் நில அளவைக்கு அடிக்கோடு போட்டது பரங்கிமலைக்குப் பக்கத்தில். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் பழைய கற்காலக் கருவியொன்றைக் கையில் எடுத்தது பல்லாவரத்தில். கோலத்துக்குக் கணித இலக்கணம் கண்டவர்களில் ஒருவரான கிஃப்ட் சிரோமணி பணியாற்றியது தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில். இம்மூவரில் யாரைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியிலேயே தடுமாற்றம் வரும். ‘முதலில் கண்டுபிடித்தவர்’ என்று எழுதலாமா, ‘தந்தை’ என்று எழுதலாமா, உடனிருந்தவர்களில் யாரைச் சொல்வது, யாரை விடுவது? நடுநிலை பற்றிய சச்சரவுகள் பெரும்பாலும் இங்கேதான் மூள்கின்றன. புகழ்ச்சியில் பாதி, குறையில் பாதி என்று பங்கு பிரிப்பதை நடுநிலை என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. பட்டத்தை எடுத்துவிட்டுச் செயலை வைக்க வேண்டும். ஒவ்வொரு கூற்றையும் அதைச் சொன்னவர் பெயரோடு வைக்க வேண்டும். உடன் உழைத்தவருக்கு உரிய இடம் தர வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததே நடுநிலை.

தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிதல்ல. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910-ல் வெளிவந்தது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய ‘கலைக்களஞ்சியம்’ 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக அச்சேறியது. அச்சு நூலில் எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்ற விவாதம் ஆசிரியர் குழுவோடு முடிந்துவிடும். வாசகர் கைக்கு முடிவு மட்டுமே வரும். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ‘நடுநிலை நோக்கு’ எழுதி வைக்கப்பட்ட விதி. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. யார் எந்தச் சொல்லை எப்போது மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே பதிந்திருக்கும். லாகூரில் பிறந்து, சென்னையில் படித்து, 1953-ல் அமெரிக்கக் குடிமகனான சுப்பிரமணியன் சந்திரசேகரை எந்த நாட்டவர் என்று எழுதுவது? இப்படி ஒரு கேள்வி எழும்போது ஒவ்வொரு தரப்பும் தன் காரணத்தை எல்லோர் முன்னும் வைத்தாக வேண்டும். சச்சரவு நடப்பதாலேயே ஒரு கட்டுரை கெட்டுவிடுவதில்லை. சான்றைக் கேட்காமல் சச்சரவு முடிந்துபோனால்தான் கெடும்.

சான்று கேட்பது ஏன் முக்கியம் என்பது பல்லாவரத்துக் கதையை அருகில் போய்ப் பார்த்தால் விளங்கும். பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவைதான், மிகப் பழையவைதான் என்று பிரிட்டிஷ் அறிஞர்கள் மனமார ஏற்றுக்கொண்டது 1859-ல். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபுட் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்திருந்தார். 1863 மே 30 அன்று, பல்லாவரம் படை முகாமை ஒட்டித் தோண்டியிருந்த செம்புறாங்கல் சரளைக் குழியில் அவர் கண்ணில் ஒரு கல் பட்டது. கைக்கோடரி என்று அழைக்கப்படும் வகை அது. குவார்ட்சைட் பாறைத் துண்டை இரு பக்கமும் தட்டித் தட்டிச் சில்லு பெயர்த்து, விளிம்பைக் கூராக்கி, கைக்கு அடங்கும்படி செய்திருப்பார்கள். ஆற்று வெள்ளத்தில் உருண்ட கூழாங்கல் இப்படி இரு முகத்திலும் ஒழுங்காகச் சில்லு பெயர்ந்து நிற்காது. யாரோ ஒருவரின் கை வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபுட்டும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். பல்லாவரத்துக் கல் தற்செயல் அல்ல என்பது அத்திரம்பாக்கத்தால் உறுதிப்பட்டது. 1866-ல் ஃபுட் தம் ஆய்வைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இதை ஒருவர் இப்படி எழுதலாம்: ‘இந்தியாவின் முதல் கற்கருவியைக் கண்டுபிடித்தவர், இந்திய முன்வரலாற்றின் தந்தை.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் பாதி பிழை. ஃபுட்டுக்கு முன்பே, 1842-ல், பிரிம்ரோஸ் என்ற மருத்துவர் இன்றைய கர்நாடகத்தின் லிங்கசுகூரில் கல் கத்திகளையும் அம்பு முனைகளையும் கண்டிருந்தார். ரயில்வே பொறியாளர் லெ மெஸூரியர் வட இந்தியாவில் தோன்ஸ் ஆற்றுப் பகுதியில் மெருகேற்றிய கற்கோடரிகளைச் சேகரித்திருந்தார். அந்தக் கருவிகள் பழைய கற்காலத்துக்குப் பிற்பட்டவை. ஃபுட் கண்டது பழைய கற்காலக் கருவி; அப்படி அடையாளம் காணப்பட்டவற்றில் அது முதலாவது என்பதுதான் அதன் சிறப்பு. இரண்டாம் பாதியான ‘தந்தை’ பிற்கால ஆய்வாளர்கள் தந்த பெயர். அதை எழுதக்கூடாது என்பதில்லை; ‘பிற்கால ஆய்வாளர்கள் இவ்வாறு அழைக்கிறார்கள்’ என்று சொன்னவர் கணக்கில் எழுத வேண்டும். காலக் கணக்கிலும் இதே கவனம் தேவை. அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்குக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று நிறுவியது சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும். அந்த ஆய்வு வெளிவந்தது 2011-ல். அதைத் தூக்கி ஃபுட்டின் கணக்கில் வைப்பது இருவருக்குமே அநீதி.

‘ஊருக்கு ஒரு பெருமை கிடைக்கிறது, ஒரு சொல்லுக்காக ஏன் இத்தனை கெடுபிடி?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்ப் பெருமை எனக்கும் வேண்டும். ஆனால் பட்டம் தரும் பெருமையைவிட விவரம் தரும் பெருமை கெட்டியானது. பிரிட்டிஷ் அறிஞர் உலகம் மனிதனின் தொன்மையை ஒப்புக்கொண்டு நான்கே ஆண்டுகளில், அந்தத் தொன்மைக்குப் பல்லாவரத்துச் சரளைக் குழியும் சான்று சொன்னது என்று எழுதிப் பாருங்கள். பல்லாவரம் உலக வரலாற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது வாசகருக்குத் தானே தெரியும். ‘தந்தை’ என்ற பட்டத்தை நாளைக்கு இன்னொருவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். 1863 மே 30 என்ற தேதியை அப்படி எடுத்துக் கொடுத்துவிட முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. லாம்டன் படை அதிகாரி, ஃபுட் ஆங்கிலேய அரசின் ஊழியர். ஆண்டவர்களின் கருவியாக இருந்தவர்களை நடுநிலையோடு எழுதுவது அவர்களுக்கு வெள்ளையடிப்பதாகாதா? லாம்டனின் வேலையை முழுதாகச் சொல்லிப் பார்ப்போம். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த போரில் அவர் இருந்தார். அந்த வெற்றியை அடுத்துத்தான் தென்னாட்டை அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்குப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்து, சூட்டுக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்தினார்கள். நூறு நூறு அடியாக ஏழரை மைல். அந்தக் கோட்டை ஒரு பக்கமாகக் கொண்டு அடுத்தடுத்து எழுந்த முக்கோணங்கள்தான் பின்னாளில் இமயம் வரை போயின. போர், வெற்றி, நில அளவை, நுட்பம் ஆகிய எல்லாம் இந்த விவரங்களிலேயே இருக்கின்றன. ‘ஏகாதிபத்தியவாதி’ என்றோ ‘மாமேதை’ என்றோ ஓர் அடைமொழி சேர்த்தால் அது வாசகர் செய்ய வேண்டிய வேலையை நாம் பறித்துக்கொள்வதாகும். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுவிட்டுச் சங்கிலியை மட்டும் வியந்தால் அதுவும் நடுநிலை தவறியதுதான். லாம்டன் பிறந்த ஆண்டைப் பற்றியே நூல்கள் ஒத்துப்போவதில்லை. அங்கே ஓர் ஆண்டைத் தேர்ந்து அடித்துச் சொல்வதைவிட, கருத்து வேறுபாட்டை வேறுபாடாகவே எழுதுவது நேர்மை.

சொல்லாமல் விடுவதும் ஒரு சாய்வுதான் என்பதற்கு அதே அளவைத் துறையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் 1831-ல் அந்தத் துறையில் சேர்ந்து தலைமைக் கணிப்பாளராக உயர்ந்தார். 1851-ல் வந்த நில அளவைக் கையேட்டின் முன்னுரை அவருடைய பங்கை நன்றியோடு குறிப்பிட்டது. அவர் 1870-ல் இறந்தார். 1875-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தக் குறிப்பு இல்லை. இறந்தவரின் உழைப்பைக் களவாடுவதாக அடுத்த ஆண்டே ஒரு பத்திரிகை கண்டித்தது. ஒரு பொய்யும் எழுதாமல், ஒரு பெயரை நீக்குவதாலேயே வரலாறு எப்படித் திரிந்துவிடுகிறது பாருங்கள். அதே சமயம், சிக்தார் தம் மேலதிகாரியின் அறைக்குள் ஓடிப்போய் உலகின் மிக உயரமான சிகரத்தைக் கண்டுவிட்டதாகச் சொன்னார் என்ற புகழ்பெற்ற கதையை ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. சிகரத்தின் உயரம் கணிக்கப்படுவதற்கு முன்பே, 1849-ல், அவர் கொல்கத்தாவுக்கு மாற்றலாகியிருந்தார் என்பது அவர்கள் வாதம். விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்கிற நடுநிலைதான், சேர்த்த பெயரை ஊதிப் பெருக்காதே என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே விதி.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு முழு விடை என்னிடம் இல்லை. பாதியளவு அது சரிதான். நம்பத்தகுந்த வெளியீட்டில் சான்று இருந்தால்தான் எழுதலாம் என்பது விக்கிப்பீடியாவின் விதி. அச்சு யார் கையில் இருந்ததோ அவர்கள் வாழ்க்கைதானே எழுதப்படும்? லாம்டனின் சங்கிலியைச் சுமந்தவர்கள், பல்லாவரத்தில் அந்தக் குழியைத் தோண்டியவர்கள் ஆகியோரின் பெயரை எந்தச் சான்றிலிருந்து எடுப்பது? இக்காலத்திலும் இது நடக்கிறது. கனடாவின் டோனா ஸ்டிரிக்லாண்ட் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வந்த வரைவு 2018 மே மாதம் போதிய சான்று இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆனாலும் விதியைத் தளர்த்துவது தீர்வாகாது. தளர்த்தினால் முதலில் உள்ளே வருவது ஒதுக்கப்பட்டவரின் பெயராக இருக்காது. உரத்துப் பேசுகிறவரின் புகழுரையாகத்தான் இருக்கும். சான்றை உண்டாக்குவதே வழி. கல்லூரி வரலாறுகள், ஊர் வரலாறுகள், இதழ்க் கட்டுரைகள் எழுதப்பட வேண்டும். பெயர் கிடைக்காத இடத்தில் ‘தொழிலாளர்கள் சுமந்தார்கள், தோண்டினார்கள்’ என்ற உண்மையையாவது வாக்கியத்துக்குள் வைக்கலாம்.

உடன் உழைத்தவர் பெயர் விடுபடுகிறதா என்ற சோதனையைத் தாம்பரத்தில் இன்றே செய்து பார்க்கலாம். கோலத்தைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்து, எந்த அலகுக்குப் பக்கத்தில் எது வரலாம் என்று விதி வகுத்தால், அந்த விதிகளே பெரிய கோலத்தை வளர்த்துக் காட்டும் என்பதை 1974-ல் ஒரு கட்டுரை நிறுவியது. வாசலில் புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் பெண்களின் கைக்கணக்கு அப்போது கணினியியலின் பாடமானது. கட்டுரையை எழுதியவர்கள் மூவர்: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். ‘கிஃப்ட் சிரோமணி கோலத்துக்கு இலக்கணம் கண்டார்’ என்ற வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் இரண்டு பெயர்கள் குறைகின்றன. அவர் பக்கத்தில் அந்த இரண்டு பெயர்களும் இருக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். இதனால் யாருடைய புகழும் குறைந்துவிடாது.

பரங்கிமலை முதல் தாம்பரம் வரை நூற்றுக்கணக்கில் ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் மாணவர்களும் இருக்கிறார்கள். தங்கள் ஊரின் அறிவியலாளரைப் பற்றிய பக்கத்தை அவர்கள் ஒருமுறை திறந்து படித்து மூன்று கேள்விகள் கேட்கட்டும். பட்டம் இருக்கும் இடத்தில் செயல் இருக்கிறதா? கருத்து இருக்கும் இடத்தில் சொன்னவர் பெயர் இருக்கிறதா? உடன் உழைத்தவர் எங்கே? 1875-ல் விடுபட்ட ஒரு பெயருக்காக ஒரு பத்திரிகை அடுத்த ஆண்டு குரல் எழுப்ப வேண்டியிருந்தது. இன்று பக்கத்தின் மேலேயே ‘தொகு’ என்ற பொத்தான் இருக்கிறது. சான்றோடு போய் அதை அழுத்துங்கள்.