பொம்மைச் சிப்பாய்க்கு என்ன நிறம்?

நவராத்திரிக் கொலுவில் பூங்கா, ரயில்வே ஸ்டேஷன் வைப்பதுபோல ஒரு படைக்காட்சியும் வைக்கணும் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. மண் சிப்பாய்கள் கிடைத்துவிடும். சட்டைக்கு என்ன நிறம் அடிப்பது? அங்கேதான் சரித்திரம் குறுக்கே வந்து நிற்கிறது.

பாகாலாவில் இருக்கும் நமக்கு இதற்கு வெளியூர்ப் போர் தேவையில்லை. ஹைதர் அலி 1782 டிசம்பர் 7-ஆம் தேதி உயிர் நீத்தது நம் சித்தூருக்குப் பக்கத்தில், நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான். அதற்கு இரண்டு வருடம் முன், 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் அவரும் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தார்கள். கொலுவுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கம்பெனிப் படைக்குச் சிவப்புக் கோட்டு. ஆனால் எந்தச் சிவப்பு? அக்காலப் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியின் கோட்டுக்கு விலை உயர்ந்த கொச்சினீல் பூச்சிச் சாயம், பளிச்சென்று இருக்கும். சாதாரண வீரனுக்கு மஞ்சிட்டி இன வேர்ச்சாயம், சற்று மங்கல். ஒரே டப்பாவில் இருவருக்கும் அடித்தால் பதவி வித்தியாசம் போய்விடும்.

மைசூர்ப் படைக்குப் ‘புலிவரி’ என்று உடனே சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். புலிவரி திப்பு ஆட்சியின் முத்திரை; அவர் பட்டத்துக்கு வந்தது ஹைதர் காலமான பிறகு. 1780 போருக்கு அதைப் பூசினால் எடுப்பாக இருக்கும், ஆதாரம் இருக்காது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இதே போரின் ஓவியம் இருக்கிறது. அதுவும் 1784 வாக்கில் தீட்டியது; 1850களில் டல்ஹவுசி உத்தரவால் மறுபடி வண்ணம் ஏறியது. ஆகவே முதலில் போர் நடந்த வருடம், பிறகு படம் வரைந்த வருடம், இரண்டையும் பார்த்துத்தான் தூரிகையைத் தொடணும்.

‘சும்மா சட்டைதானே’ என்பவர்கள் வேலூரை நினைக்கட்டும். சென்னைப் படைத் தலைவர் கிராடக் காலத்தில், 1805 நவம்பரில், சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகை வந்தது. அதில் தோல் சேர்ந்திருந்தது. அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் கூடாது என்றும் ஆனது. 1806 ஜூலை 10 விடியும் முன்னே கோட்டை வெடித்தது. கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் இருந்தது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தலைப்பாகைதான் பொறி. நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையரும், அவர்களைவிட அதிகமான சிப்பாய்களும் மாண்டார்கள். பின்னர் அந்தத் தலைப்பாகை கைவிடப்பட்டது.

1911-இல் சித்தூர் ஜில்லா பிரியும் வரை நாமும் வேலூரும் ஒரே வடஆர்க்காடு. அந்தச் சிப்பாய்கள் நமக்கு அந்நியரல்லர். 1806 பொம்மை செய்தால் அதன் நெற்றியில் திருநீறோ நாமமோ இடுங்கள். அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தது அதைத்தான். பொம்மையின் அடியில் வருடத்தையும் எழுதி வையுங்கள். சுண்டலுக்கு வரும் பிள்ளை கேட்கும். சொல்ல நம்மிடம் கதை இருக்கிறது.