கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு கடிதம்



லேக் மார்க்கெட்டைக் கல்கத்தாத் தமிழருக்கு அறிமுகம் செய்ய வேண்டிய அவசியமில்லை. ராஷ்பிஹாரி அவென்யூவின் ஓரத்தில் வாழையிலைக் கட்டும், மல்லிகைச் சரமும், புதிதாய் அரைத்த காப்பித்தூளின் மணமும் நம்மைச் சிறிது நேரம் ஊருக்கே அழைத்துச் சென்றுவிடுகின்றன. அதே தெருமுனையில் வெள்ளைச் சீருடை அணிந்து நிற்கும் கல்கத்தாப் போலீஸ்காரரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அவருடைய மார்பில் ஒரு சிறு பெயர்ப்பட்டை இருக்கும். காய்கறிப் பையைச் சுமந்து அவரைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர் அதனைப் படித்திருப்போம்? அந்தச் சிறு பட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் இந்நகரத்திலிருந்து சென்ற ஒரு கடிதத்தில் தொடங்குகிறது.

காவல் புரிவோன் தன்னை மறைத்துக்கொள்ளலாமா என்பது புதிய வினா அன்று. பொற்கைப் பாண்டியன் கதையை நாம் யாவரும் இளமையில் கேட்டிருக்கிறோம். இரவில் மாறுவேடத்தில் நகர்சோதனைக்கு வந்த மன்னன், கீரந்தை என்னும் அந்தணன் இல்லத்தில் ஆடவன் குரல் கேட்டு ஐயுற்றுக் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவன் வெளியூர் சென்று திரும்பிய கணவனே என்று பின்னர் அறிந்தான். தட்டியவன் யாரோ என்று அக்கணவன் தன் மனைவிமேல் ஐயம் கொள்ளலாகாதே என்று அஞ்சி, தெருவிலுள்ள கதவுகளையெல்லாம் தட்டிவிட்டு அகன்றான். மறுநாள் அவையில் முறையீடு வந்தபோது, தட்டியவன் நானே என்று கூறித் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான் என்பது கதை. மன்னன் மாறுவேடம் பூண்டதை மக்கள் குற்றமாகக் கொள்ளவில்லை. இரவில் தட்டிய கை எது என்ற கேள்விக்குப் பகலில் விடை கிடைத்ததனால்தான் அக்கதை இன்றளவும் நின்று நிலவுகிறது.

மேலைநாட்டில் இக்கேள்வி வேறு வடிவம் கொண்டது. 1829ஆம் ஆண்டில் ராபர்ட் பீல் லண்டன் மாநகரப் போலீஸ் படையை அமைத்தபோது, இது அரசாங்கத்தின் ஒற்றர் படையாகிவிடுமோ என்று ஆங்கிலேயர் பெரிதும் அஞ்சினர். அவ்வச்சத்தைத் தணிக்கவே காவலருக்கு எளிதில் அடையாளம் காணத்தக்க நீலச் சீருடை அளிக்கப்பட்டது; சட்டைக் கழுத்தில் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டன. தவறு செய்த காவலர் இன்னார் என்று எந்தக் குடிமகனும் சுட்டிக்காட்டுவதற்கு அந்த எண் உதவிற்று.

ஆனால் முகமூடியைத் தடுக்க எழுந்த பழைய சட்டங்களிற் பல, குடிமக்களை நோக்கியே எழுந்தன என்பதையும் கூறவேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1845ஆம் ஆண்டிலேயே அத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. நிலவாடகையை எதிர்த்த குத்தகை விவசாயிகள் மாறுவேடம் பூண்டு அரசாங்க அதிகாரிகளைத் தாக்கியதே அதன் காரணம். முகத்தை மூடியவன் சட்டத்திற்கு அஞ்சுபவன் என்பது அன்றைய எண்ணம். சட்டத்தின் காவலனே முகத்தை மூடினால் என்ன செய்வது என்ற வினா அப்போது எழவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம், 22ஆவது பிரிவில், கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன்னிலையில் நிறுத்த வேண்டும் என்று விதித்தது. விதி சிறந்ததே. ஆயினும் கைது செய்தவர் இன்னார் என்றே தெரியாதபோது, விதி மீறப்பட்டதென்று யார்மீது முறையிடுவது?

இக்கேள்வியின் கூர்மையைக் கல்கத்தா நன்கறியும். 1970ஆம் ஆண்டுகளின் அரசியல் கொந்தளிப்பில், அர்ச்சனா குஹா என்ற பள்ளி ஆசிரியை 1974இல் கைது செய்யப்பட்டார். லால்பஜார் போலீஸ் தலைமையகத்தில் தாம் சித்திரவதைக்கு உள்ளானதாகக் கூறி 1977இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு ஏறத்தாழ 19 ஆண்டுகள் நடைபெற்றது. 1996இல் கீழ் நீதிமன்றம் அதிகாரி ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. அவ்வம்மையாரின் மனவுறுதி வியத்தற்குரியது. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: தம்மைத் துன்புறுத்தியவர் என்று சுட்ட அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பெயரே தெரியாதவர்களின் துன்பம் எந்த நீதிமன்றத்தின் படியையும் ஏறியதில்லை.

இந்நிலையில்தான் அக்கடிதம் எழுதப்பட்டது. மேற்கு வங்காளச் சட்ட உதவிச் சேவை என்ற அமைப்பின் செயல் தலைவர் டி. கே. பாசு என்பவர். அவ்வமைப்பு அரசியற் சார்பற்றது. 1986ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், போலீஸ் காவலில் நேர்ந்த மரணங்களைப் பற்றி, கல்கத்தாவின் 'டெலிகிராப்', 'ஸ்டேட்ஸ்மன்' உள்ளிட்ட பத்திரிகைகளில் செய்திகள் வெளிவந்தன. நாம் காலைக் காப்பியுடன் படித்து மடித்துவைக்கும் அத்தகைய செய்திகளை அவர் மடித்துவைக்கவில்லை. 1986 ஆகஸ்ட் 26ஆம் நாள் இந்தியாவின் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டி, இதனை ஆராய்ந்து விதிகள் வகுக்க வேண்டும் என்று வேண்டினார். உச்ச நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டில் உத்தரப் பிரதேசத்து அலிகார் நகரத்தில் நேர்ந்த காவல் மரணத்தைப் பற்றிய மற்றொரு கடிதமும் அதனுடன் சேர்ந்தது. எல்லா மாநில அரசாங்கங்களுக்கும் சட்டக் கமிஷனுக்கும் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. கல்கத்தாவில் பிறந்த வழக்கு பாரத நாட்டின் வழக்காயிற்று.

பத்தாண்டுகளுக்குப் பின், 1996 டிசம்பர் 18ஆம் நாள், நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ. எஸ். ஆனந்த் இருவரும் அமர்ந்த ஆயம் தீர்ப்பளித்தது. அதில் 11 கட்டளைகள் உள்ளன. முதற் கட்டளையே நமது பொருளாகும். கைது செய்யும் போலீசாரும், விசாரணை நடத்தும் போலீசாரும், தம் பெயரையும் பதவியையும் காட்டும் அடையாளப்பட்டையைத் திருத்தமாகவும், கண்ணுக்குப் புலப்படுமாறும், தெளிவாகவும் அணிந்திருக்க வேண்டும். விசாரிப்போர் அனைவரின் விவரமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அதன் பின்னரே கைதுக் குறிப்பு, சாட்சியின் கையொப்பம், மருத்துவப் பரிசோதனை முதலியன வருகின்றன. இவ்வரிசையில் பொருள் உண்டு. பெயர் தெரிந்தால் மற்ற விதிகளுக்கு ஒரு பொறுப்பாளி உண்டு. தெரியாவிடில் அவை வெறும் தாளே. இக்கட்டளைகளை மீறுவோர் துறை நடவடிக்கைக்கு மட்டுமன்றி, நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்திற்கும் ஆளாவர் என்றும் தீர்ப்பு எச்சரித்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கெனவே எழுதப்பட்டது போன்ற கட்டளை ஒன்றும் அதில் உண்டு. கைதானவரின் உறவினரோ நண்பரோ வேறு மாவட்டத்தில் அல்லது வேறு ஊரில் இருப்பாராயின், கைது செய்த நேரம், இடம், காவலில் வைக்கப்பட்டுள்ள இடம் ஆகியவற்றை 8 முதல் 12 மணி நேரத்திற்குள், மாவட்டச் சட்ட உதவி அமைப்பின் வாயிலாகவும் அப்பகுதிப் போலீஸ் நிலையத்தின் வாயிலாகவும், தந்தி மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி வந்து, வங்காளி மொழியில் நான்கு சொற்கள்கூட அறியாத ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. அவனுடைய தாய்க்கு அச்செய்தி எப்போது எட்டும் என்பதை இக்கட்டளை மணிக்கணக்கில் வரையறுத்தது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. அந்தத் தாயின் கவலை நின்றுவிடவில்லை.

மற்றொரு செய்தியையும் நேயர்களுக்கு மகிழ்ச்சியுடன் கூறுகிறேன். இக்கட்டளைகளை ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் எல்லாரும் காணத்தக்க இடத்தில் ஒட்டவேண்டும் என்று பணித்த நீதிபதிகள், அகில இந்திய வானொலியில் ஒலிபரப்புவதும், வட்டார மொழிகளில் சிறு பிரசுரங்களாக வெளியிடுவதும் பயனுடையவை என்று அத்தீர்ப்பிலேயே எழுதினர். ஆகவே இத்தகைய பேச்சும் பிரசுரமும் அவர்கள் விரும்பிய பணியே ஆகும்.

நீதிமன்றக் கட்டளை பின்னர்ச் சட்டமாயிற்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41பி என்ற பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டு, 2010 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நாள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலுக்கு வந்தபோது, அதே கடமை 36ஆவது பிரிவாக இடம் பெற்றது. கைது செய்யும் ஒவ்வொரு போலீஸ் அதிகாரியும் தம் பெயரை எளிதில் அறியத்தக்க அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சீருடை அணிந்தவருக்கு மட்டும் என்று அது வரையறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இச்சட்டத்தில் இரண்டு இடைவெளிகள் உள்ளன. ஒன்று, அது பெயரைப் பற்றிப் பேசுகிறது; முகத்தைப் பற்றிப் பேசவில்லை. முகமூடி அணியலாகாது என்று அதில் சொல் இல்லை. மற்றொன்று, அது கைது செய்யும் வேளைக்கு உரியது. கூட்டத்தைக் கலைக்கும் வேளையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 2018 மே 22ஆம் நாள் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டையும், சாதாரண உடையில் வாகனத்தின்மேல் துப்பாக்கியுடன் நின்ற போலீஸ்காரரின் படத்தையும் தமிழர் எவரும் மறக்கவில்லை. 13 உயிர்கள் பலியான அந்நிகழ்ச்சியில், சுட்டவர் யார், ஆணையிட்டவர் யார் என்று அறிவதற்கே நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் விசாரணைக் கமிஷன் வேண்டியிருந்தது.

பிற நாடுகள் இவ்விடைவெளிகளை அடைக்க முயன்று வருகின்றன. பிரான்ஸ் நாட்டில் 2014 முதல் போலீசார் ஏழு இலக்க எண் அணியவேண்டும் என்பது விதி. அவ்வெண் கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லையென்று 2023இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அரசாங்கத்தைக் கண்டித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், போலீசார் பணியின்போது முகத்தை மறைப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2025 செப்டம்பரில் இயற்றியது. குடியேறியவர்களைப் பிடிக்க முகமூடியுடன் வந்த மத்திய அரசாங்க அதிகாரிகளே அதற்குக் காரணமாயினர். மத்திய அரசாங்கம் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. இலங்கையிலோ, முகத்தை மூடிய 'தலையாட்டி' ஒருவனின் தலையசைப்பினால் இளைஞர்கள் வரிசையிலிருந்து பிரிக்கப்பட்ட நாட்களை அந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் நன்கறியும். சாட்டியவன் யார் என்றும் தெரியாது, அழைத்துச் சென்றவர் யார் என்றும் தெரியாது என்ற இருளில், காணாமற் போனவர்களைத் தேடிய தாய்மார் எங்கே சென்று கேட்பது?

போலீசாரின் பக்கத்து நியாயத்தையும் கூறாதிருப்பது முறையன்று. பயங்கரவாதிகளையும் பெருங்கொள்ளையரையும் எதிர்த்துப் பணிபுரிவோர், தம் மனைவி மக்களுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சுவது இயல்பே. துப்பறிவோர் பெயர்ப்பட்டை அணிந்து உளவறிய இயலாது. கொள்ளை நோய்க் காலத்தில் 2020இல் போலீசாரும் முகக்கவசம் அணிந்தே நம்மைக் காத்தனர். கலிபோர்னியாச் சட்டமும் நோய்த்தடுப்பு, மறைமுகத் துப்பறிதல் முதலியவற்றுக்கு விலக்களித்துள்ளது. விலக்கு விலக்காகவே இருக்கும்வரை அதனால் தீங்கில்லை.

நம் போலீஸ் நிலையங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சிகள் அடையாளம் காட்டும் அணிவகுப்பு முடியும்வரை, குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைத் துணியால் மூடி அழைத்துச் செல்வர். அவரைச் சாட்சிகள் முன்னரே கண்டுவிட்டால் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பு இராது என்பதே காரணம். அங்கு முகத்தை மூடுவது உண்மையைக் காப்பதற்காக. அவரை அழைத்துச் செல்பவரின் முகமும் பெயரும் திறந்திருப்பதும் அதே உண்மையைக் காப்பதற்காகவே.

ஆகவே, அடுத்த முறை லேக் மார்க்கெட் முனையில் போலீஸ்காரர் ஒருவரைக் காணும்போது, அவர் மார்பிலுள்ள பெயரைச் சற்றே படியுங்கள். எழுத்துப் புரியாவிடில் அருகிலிருக்கும் வங்காளி நண்பரைக் கேளுங்கள். அதில் அவமதிப்பு ஏதுமில்லை. பெயரைச் சொல்லி அழைக்கப்படும் காவலர் நமக்கு அயலாராகமாட்டார். உங்கள் இல்லத்துக்குப் புதிதாய் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும், முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுக்கும்போதே, இந்த உரிமையையும் சொல்லிவையுங்கள். கதவைத் தட்டுபவரிடம், ஐயா, தங்கள் பெயர் என்ன என்று பணிவுடன் கேட்கும் உரிமை, இந்நகரத்திலிருந்து சென்ற ஒரு கடிதம் நம் அனைவருக்கும் பெற்றுத்தந்தது.