கொரோனா: மருத்துவச் செலவும் பள்ளிப் படிப்பும்

ராஜேந்திர சோழன் தலைநகராக அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். கோயிலைப் பார்க்க வெளியூர் மக்கள் இங்கே வருகிறார்கள். இந்தப் பகுதி மக்களோ பிழைப்புக்காக வெளியூர் போகிறார்கள். மானாவாரி விவசாயமும் முந்திரியும் வருடம் முழுவதும் வேலை தருவதில்லை. அதனால் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைச் சேர்ந்த பலர் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் கூலி வேலை பார்த்தார்கள்.

1918-ல் இன்ஃப்ளூயன்சா பம்பாய் துறைமுகத்தில் இறங்கி, ரயில் பாதைகள் வழியே நாடெங்கும் பரவியது. 2020-ல் அரியலூருக்குக் கொரோனா பெருமளவில் வந்தது கோயம்பேடு வழியாக. தொற்று பரவியதால் மே 5-ம் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. தொழிலாளர்கள் கிடைத்த வண்டியில் ஊர் திரும்பினார்கள். மே 6 அன்று தமிழ்நாட்டில் பதிவான 771 தொற்றுகளில் 188 அரியலூர் மாவட்டத்தில்! திரும்பியவர்களைத் தனிமைப்படுத்த பள்ளி, கல்லூரிக் கட்டிடங்கள் பயன்பட்டன.

நோயோடு வருமானமும் நின்றது. வணிகவியலில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று உண்டு. ஒன்றுக்குப் பணம் கொடுக்கும்போது எதைக் கைவிடுகிறோமோ அதுதான் வாய்ப்புச் செலவு. 2019-20-ல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 47.1 சதவீதத்தை மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் வீட்டில் ஒருவர் படுத்தால் அடுத்து அடிபடுவது எது? பிள்ளைகளின் படிப்பு!

அசர் ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் 2018-ல் 65.6 சதவீதம். 2022-ல் இது 72.9 சதவீதம் ஆனது. தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் போனது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

பள்ளிகளும் திறந்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8-ம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ல்தான் மீண்டும் திறந்தன. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, இரண்டாம் வகுப்பில்தான் முதன்முதலாக வகுப்பறையைப் பார்த்தது. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது உண்மைதான். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டுமே... மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் 2022-ல் 2018-ஐ விடக் குறைந்திருந்தது. 2024-ல்தான் மீண்டது.

அரசு இரண்டு பக்கமும் கைகொடுத்தது. 2021 மே 7-ல் தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சையும் காப்பீட்டின் கீழ் வந்தது. ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம், அக்டோபர் 27-ல் இல்லம் தேடிக் கல்வி. 2022 ஜனவரி 12-ல் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நாட்டளவில் மக்கள் கையிலிருந்து கொடுத்த மருத்துவச் செலவின் பங்கு 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது.

பட்ஜெட்டில் சுகாதாரம் ஒரு தலைப்பு, கல்வி வேறொரு தலைப்பு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டும் ஒரே பர்ஸ். அரியலூரில் ஒரு நல்ல அரசு மருத்துவமனை இருந்தால், ஜெயங்கொண்டத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்காமல் இருக்கும். அடுத்த தொற்று வருவதற்குள் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது.