பிள்ளையின் பக்கத்தில் இருந்தவர்கள்

செங்கல்பட்டு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. விடிய விடிய ஆட்டம். படுகளத்தன்று களிமண்ணில் துரியோதனனைப் படுத்த கோலத்தில் பெரிதாகச் செய்து வைப்பார்கள். வீமன் வேஷக்காரர் அதன் தொடையில் அடிப்பார். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். இவ்வளவும் சிறுவர்கள் கண்ணெதிரே நடக்கும். இன்று வன்முறைக் காட்சி என்று எதை அஞ்சுகிறோமோ அதற்கு அங்கே குறைவில்லை. பிள்ளைகளின் தூக்கமும் கெட்டது. ஆனால் பிள்ளை பாட்டி மடியில் கிடந்தது. மிரண்டு அழுதால் "அது வேஷம்டா கண்ணு" என்று அணைத்துக்கொள்ள ஆள் இருந்தது.

பிள்ளைகளின் நடத்தையைத் திரை எப்படி மாற்றியது என்று ஆராய்கிறவர்கள் திரையில் என்ன ஓடியது, எத்தனை மணி நேரம் ஓடியது என்றே பெரும்பாலும் கணக்கெடுக்கிறார்கள். செங்கல்பட்டுக் கடற்கரை ஊர்களின் கதையோ இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறது: பக்கத்தில் யார் இருந்தார்கள்?

கூத்துக்கு அடுத்து வந்தது டூரிங் டாக்கீஸ். அறுவடை முடிந்த வெளியில் கொட்டகை எழும்பும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார வேண்டும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் விளக்கு எரியும்; முறுக்கும் சோடாவும் வரும். நடந்ததைப் பற்றி ஊரே பேசும். அந்த இடைவெளிகளில் பிள்ளைகள் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

கவலை அப்போதே இருந்தது. 1927-இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு நாடெங்கும் சென்று சாட்சியம் கேட்டது. சினிமாவால் பிள்ளைகள் கெடுவார்களா என்பதும் அந்த விசாரணையில் எழுந்த கேள்விதான். 1951-இல் வந்த 'மர்மயோகி' படத்துக்கு, ஆவி உலவும் காட்சிகளுக்காக 'ஏ' சான்றிதழ் தரப்பட்டது. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவில் ஓர் அரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மலைகள் மறித்ததால் அதுவரை தொலைக்காட்சியே எட்டாதிருந்த ஒரு சிற்றூரை 'நோடெல்' என்ற புனைபெயரில் டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். 1973-இல், தொலைக்காட்சிப் பெட்டி வருவதற்கு முன்பே பிள்ளைகளைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தால், விளையாட்டுத் திடலில் அடிதடியும் வசவும் கூடியிருந்தன. கற்பனைத் திறன் சோதனைகளில் மதிப்பெண் இறங்கியிருந்தது. ஊர்ப் பொது நிகழ்ச்சிகளுக்கு வரும் கூட்டமும் குறைந்திருந்தது. பிள்ளைகளின் மாற்றத்தை இந்தக் கடைசித் தகவலோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஊர்க் கூட்டம் கலையும் அந்த மாற்றம் நம் கிராமங்களுக்கு உடனே வரவில்லை. பஞ்சாயத்து டிவியும், பெட்டி வாங்கியவர் வீட்டுத் திண்ணையும் கொட்டகையின் வேலையைச் செய்தன. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே கூடியது. பிறகு கேபிள் வந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது; 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழை வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை என்றானது. அது நியாயம்தான். ஆனால் ஊர் கூடிப் பார்த்த பழக்கத்துக்கு அதோடு வேலை போயிற்று.

நாள் முழுக்க ஓடும் பெட்டி வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழு நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒலிப்பதிவுக் கருவி மாட்டிவிட்டது. தொலைக்காட்சி கூடுதலாக ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்களில் சுமார் 770 குறைந்தன.

கைப்பேசியோ கூடவிருந்த கடைசி ஆளையும் விலக்கியது. அந்தத் திரையின் அளவே ஒருவருக்கானது. 2022-இல் வந்த மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் அழுகையை அடக்க அடிக்கடி கைப்பேசி கொடுத்த வீடுகளில், சட்டென்று உணர்ச்சிவசப்படுவது பின்னர் கூடியது. ஆண் பிள்ளைகளிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே அடம்பிடிக்கும் பிள்ளைக்குத்தான் கைப்பேசியும் அதிகம் போகிறது. எனவே எது முதல், எது பின் என்று பிரிப்பது எளிதல்ல. ஒன்று மட்டும் உறுதி: அழுகையிலிருந்து மீளப் பழகவேண்டிய நேரத்தில் பிள்ளையோடு ஓர் ஆள் இல்லை. விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடும் தாயையோ, ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் தகப்பனையோ இதற்குக் குற்றம் சொல்வது கொடுமை. முன்பு அந்த நேரத்தைத் தாங்கியது ஒரு தெரு.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே வகுப்பறை ஆயின. ஒன்றரை ஆண்டு கழித்து, கற்றலில் விழுந்த பள்ளத்தை நிரப்ப அரசு இன்னொரு திரையை நாடவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி வைக்கப்பட்டது. மாலை வேளையில், பிள்ளைகளின் குடியிருப்பிலேயே, பெரும்பாலும் அதே பகுதிப் பெண்கள் தன்னார்வலர்களாக வந்து கதை சொன்னார்கள், பாடினார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கவைத்தார்கள்.